இது யார் கூற்று? மிடில்-எர்த் பாடல்களுக்குள் புதிதாக நுழைபவர்களுக்கு

ஜெர்மனியின் க்ரெஃபெல்ட் நகரத்து மெட்டல் இசைக்குழு ப்ளைண்ட் கார்டியன். அவர்கள் 1998இல் வெளியிட்ட ஆல்பம் 'நைட்ஃபால் இன் மிடில்-எர்த்'. ஜே.ஆர்.ஆர். டோல்கீன் படைத்த கற்பனை உலகத்தின் பழங்கதைகளைச் சொல்லும் 'சில்மரில்லியன்' நூலை வைத்துப் பின்னப்பட்டது அது. வெளிவந்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. ரசிகர்கள் இன்னும் அதன் வரிகளை வைத்து மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

புதிதாகக் கேட்பவருக்கு முதலில் பிடிப்பது மெட்டு. நாலைந்து முறை கேட்ட பிறகு, "சரி, என்னதான் பாடுகிறார்கள்?" என்று வரிகளைத் தேடுவார். அங்கேதான் தலை சுற்றும். ஒரு பாட்டில் 'நான்' என்பவன் அரசன், அடுத்ததில் கைதி, அதற்கடுத்ததில் துரோகி. பெயரையும் சொல்லித் தொலைக்க மாட்டார்கள். பழைய ரசிகர்களிடம் கேட்டால் ஃபின்வே, ஃபிங்கோன், ஃபிங்கோல்ஃபின், ஃபின்ரோட் என்று ஒரே மாதிரி ஒலிக்கும் பத்துப் பெயர்களை அடுக்குவார்கள். கேட்டவர் ஓடிவிடுவார்.

ஓட வேண்டியதில்லை. இந்தப் பாடல்களைப் பற்றி நடக்கிற சண்டைகளில் பெரும்பாலானவை ஒரே கேள்வியில் வந்து முடிகின்றன: இந்த வரியைச் சொல்வது யார்? நம் அகப்பாடல்களின் கீழே 'தலைவி கூற்று', 'தோழி கூற்று' என்று ஒரு குறிப்பு இருக்குமே, அது இல்லாமல் குறுந்தொகையைப் படித்தால் எப்படி இருக்கும்? இந்த ஆல்பத்தை முதல் தடவை கேட்பது அப்படித்தான். அந்தக் குறிப்பை நீங்களே எழுதிக்கொள்வதற்கான வழிதான் கீழே இருப்பது.

முதல் படி: எந்த வகைப் பாட்டு என்று பாருங்கள்

கற்பனை உலகம் வருகிற பாட்டெல்லாம் ஒரே வகை என்று நினைத்துவிடக் கூடாது. லெட் செப்பலின் 1969இல் வெளியிட்ட 'ராம்பிள் ஆன்' பாட்டில் டோல்கீன் கதையின் தீய நாடான மோர்டோர் வருகிறது, அவர் படைத்த கோல்லும் என்ற பாத்திரமும் வருகிறான். ஆனால் பாட்டின் நாயகன் மோர்டோரில் ஓர் அழகியைச் சந்திக்கிறான், கோல்லும் வந்து அவளைத் தள்ளிக்கொண்டு போகிறான்! டோல்கீனின் மோர்டோரில் புல் முளைப்பதே பெரும்பாடு. இங்கே கதை காதலனுடையது, பெயர்கள் மட்டும் இரவல். இந்தப் பாட்டில் போய் 'நூலில் அப்படி இல்லையே' என்று பிழை பிடித்தால் சிரிப்பார்கள்.

இன்னொரு வகை, பின்னால் நூலே இல்லாதது. இத்தாலியின் ராப்சடி குழு 1997 முதல் 2002 வரை ஐந்து வெளியீடுகளில் 'எமரால்டு சோர்டு' கதையைச் சொன்னது. அந்த உலகத்தை உண்டாக்கியவர் குழுவின் கிதார் கலைஞர் லூக்கா டுரில்லி. அங்கே பாட்டும் ஆல்பத்தோடு வரும் சிறு புத்தகமும்தான் மூலம். வேறெங்கும் போய் ஒத்துப் பார்க்க வழியில்லை.

'நைட்ஃபால்' மூன்றாம் வகை. பின்னால் ஒரு முழு நூல் இருக்கிறது. பாட்டு அதன் காட்சிகளுக்குள் நின்று பேசுகிறது, பல இடங்களில் நூல் சொல்லாததையும் சொல்கிறது. பேச நிறைய இருப்பதும் இந்த வகையில்தான், சிக்கல் அதிகமும் இதில்தான்.

இரண்டாம் படி: குடும்ப மரத்தை ஒரு தாளில் வரையுங்கள்

நூலைத் திறப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்தவருக்கு இது கஷ்டமே இல்லை, ஏனென்றால் கதை முழுக்கப் பங்காளிச் சண்டை.

ஃபின்வே என்ற எல்ஃப் அரசன். (எல்ஃப் என்பது டோல்கீன் உலகத்தில் மனிதரைப் போன்ற, ஆனால் மூப்பில்லாத ஓர் இனம்.) அவனுக்கு இரண்டு தாரம். மூத்தவள் மகன் ஃபெயனோர். இளையவள் மகன்கள் ஃபிங்கோல்ஃபினும் ஃபினார்ஃபினும். ஃபெயனோர் கைவினையில் மன்னன், சில்மரில் என்ற மூன்று மணிகளைச் செய்தவன், கோபக்காரன், சிற்றன்னை மக்களைச் சந்தேகத்தோடே பார்ப்பவன். மோர்கோத் என்ற தீயவன், ஃபெயனோரின் தகப்பன் ஃபின்வேயைக் கொன்று மணிகளைத் திருடிக்கொண்டு மிடில்-எர்த்துக்கு ஓடுகிறான். ஃபெயனோரும் அவனுடைய ஏழு மகன்களும் மணிகளை மீட்டே தீருவோம் என்று ஒரு பயங்கரமான சபதம் போட்டுவிட்டுத் துரத்துகிறார்கள். மற்ற கிளைகளும் மனமில்லாமலோ மானத்துக்காகவோ பின்னால் போகின்றன. இவர்கள் எல்லாரும் சேர்ந்ததுதான் நோல்டோர் இனம்.

ஃபெயனோரின் மகன்களில் இருவரை மட்டும் இப்போதைக்கு நினைவில் வைத்தால் போதும்: மூத்தவன் மைத்ரோஸ், பாடகன் மாக்லோர். ஃபிங்கோல்ஃபினுக்கு ஃபிங்கோன், டுர்கோன் என்று மகன்கள், அரெடெல் என்று மகள். ஃபினார்ஃபினின் மகன் ஃபின்ரோட். அரெடெல் போய் எயோல் என்ற இருண்ட காட்டு எல்ஃபிடம் சிக்கி மணமுடித்துப் பெற்ற பிள்ளை மைக்லின். அவ்வளவுதான். ஆல்பத்தில் 'நான்' என்று பேசுகிறவர்களில் பாதிப்பேருக்கு மேல் இந்த ஒரே தாளில் அடங்கிவிடுவார்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. உறவுமுறையை நம் கணக்கில் போட்டுவிடாதீர்கள். மைக்லின் தன் தாய்மாமன் டுர்கோனின் மகள் இட்ரில் மேல் ஆசைப்படுகிறான். நமக்கு அது முறைப்பெண், அதில் என்ன தப்பு என்றுதான் முதலில் தோன்றும். எல்ஃப்கள் அவ்வளவு நெருங்கிய உறவில் மணமுடிப்பதில்லை, அதுவரை யாரும் அப்படி ஆசைப்பட்டதும் இல்லை என்று நூல் வெளிப்படையாகச் சொல்கிறது. இது தெரியாவிட்டால் 'தார்ன்' பாட்டில் மைக்லினின் மனப்புழுக்கம் நமக்குக் காதல் தோல்வி மாதிரி மட்டும் கேட்கும். அவனுக்கு உள்ளே இருப்பது வெளியில் சொல்லவே முடியாத ஆசை. அந்தப் பாட்டின் கனமே அங்கேதான் இருக்கிறது.

மூன்றாம் படி: நூலில் எட்டு அத்தியாயம் போதும்

'சில்மரில்லியன்' டோல்கீன் இறந்து நான்கு ஆண்டு கழித்து, 1977இல், அவர் மகன் கிறிஸ்டோபர் தொகுத்து வெளியிட்டது. முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிவரை படிக்க முயன்று பாதியில் மூடி வைத்தவர்கள் ஊருக்குப் பத்துப்பேர் இருப்பார்கள். பாட்டுக்காகப் படிக்கிறவர் அப்படிச் செய்ய வேண்டாம்.

உள்ளே 'குவென்டா சில்மரில்லியன்' என்ற பெரிய பகுதியில் 24 அத்தியாயங்கள். அதில் 7, 8, 9 மூன்றையும் முதலில் படியுங்கள்: மணிகள், திருட்டு, சபதம், புறப்பாடு. 'இன்டு தி ஸ்டார்ம்', 'நைட்ஃபால்', 'தி கர்ஸ் ஆஃப் ஃபெயனோர்', 'நோல்டோர்' நான்கும் இந்த மூன்றுக்குள் கிடைக்கும். பிறகு 13ஆம் அத்தியாயம். மோர்கோத்திடம் பிடிபட்ட மைத்ரோஸ் மலைமுகட்டில் வலது மணிக்கட்டில் மாட்டித் தொங்கவிடப்பட்டதும், ஃபிங்கோன் வந்து கையை வெட்டி அவனை மீட்டதும் அதில் வருகின்றன. 'கேப்சர்டு', 'பிளட் டியர்ஸ்' இரண்டும் அங்கிருந்துதான். 15இல் டுர்கோன் கொண்டோலின் என்ற மறைநகரைக் கட்டுகிறான், 'மிரர் மிரர்' அது. 16 மைக்லின் கதை. 18இல் ஃபிங்கோல்ஃபினின் கடைசிச் சண்டை. 19 பெரென் என்ற மனிதன், லூத்தியென் என்ற எல்ஃப் இளவரசி, இவர்கள் காதல். எட்டாயிற்று.

ஆல்பத்தின் கடைசி மூன்று துண்டுகளையும் பிடிக்க வேண்டுமானால் 20ஆம் அத்தியாயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணக்குத் தப்பினாலும் பரவாயில்லை, மோர்கோத்தோடு நடந்த ஐந்தாம் போரும், அதில் பிடிபட்ட ஹூரின் என்ற மனித வீரனின் சிறையும் அதில்தான்.

நேரமிருந்தால் நூலின் தொடக்கத்தில் இருக்கும் 'ஐனுலிண்டாலே'யையும் ஒரு பார்வை பாருங்கள், சில பக்கங்கள்தான். அந்த உலகமே ஒரு பாட்டிலிருந்து பிறக்கிறது. மலையில் மைத்ரோஸ் எங்கே இருக்கிறான் என்று தெரியாமல் ஃபிங்கோன் யாழெடுத்துப் பழைய பாட்டொன்றைப் பாட, மேலேயிருந்து பதில் குரல் வருகிறது. ஃபின்ரோடும் மோர்கோத்தின் தளபதி சௌரோனும் பாட்டாலேயே மோதுகிறார்கள். லூத்தியென் பாடி, இறந்தவர்களின் காவலனான, இரக்கமே காட்டாத மாண்டோஸை இரங்க வைக்கிறாள். பாட்டுக்கு இவ்வளவு சக்தி இருக்கிற உலகத்தை ஒரு மெட்டல் குழு எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை.

நான்காம் படி: முழுதாக, வரிசையாக, சிறு புத்தகத்தோடு கேளுங்கள்

ஆல்பத்தில் 22 துண்டுகள். 11 பாடல், 11 இடைத்துணுக்கு. துணுக்குகளைத் தாண்டிக் குதித்துவிட்டுப் பாடல்களை மட்டும் கேட்பது பலருக்கு வழக்கம். வண்டி ஓட்டும்போது அப்படிக் கேளுங்கள், தப்பில்லை. ஆனால் வரிகளைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்றால் அந்தத் துணுக்குகள் முக்கியம். அடுத்த பாட்டின் கூற்று யாருடையது என்பதற்குத் துப்பு பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கும். 'கேப்சர்டு' துணுக்கில் மோர்கோத் தன் கைதியிடம் பேசுகிறான். அதைக் கேட்டுவிட்டு 'பிளட் டியர்ஸ்' கேட்டால் பேசுகிறவன் மைத்ரோஸ் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

வரிசை விஷயத்தில் ஏமாறாதீர்கள். முதல் துணுக்கு 'வார் ஆஃப் ராத்' கதையின் முடிவு. தோற்றுக்கொண்டிருக்கும் மோர்கோத்திடம் அவன் தளபதி சௌரோன் தப்பி ஓடச் சொல்கிறான். அங்கிருந்து ஆல்பம் ஒரேயடியாகப் பின்னால் போய்த் திருட்டு நடந்த காலத்தில் இறங்குகிறது. நடுவிலும் இப்படித் தாவுவார்கள்: நான்காம் போர் 12ஆம் துண்டில் முடிந்துவிடும், அதற்கு வெகுகாலம் முன்னால் நடந்த எயோல் கதை 14ஆம் துண்டில் வரும். "மைக்லின் கதை ஏன் ஃபிங்கோல்ஃபின் செத்த பிறகு நடக்கிறது?" என்று புதியவர்கள் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

வரிகளுக்கு ஆல்பத்தோடு வந்த அச்சுப் புத்தகத்தை நம்புங்கள். இணையத்தில் சுற்றுகிற வரிகள் பல காதில் விழுந்ததை யாரோ தட்டச்சு செய்தவை. எல்ஃப் பெயர்கள் அங்கே படும் பாடு சொல்லி மாளாது. ஒரு 'நான்' தப்பாக 'அவன்' ஆகிவிட்டால் உங்கள் வாதமே கவிழ்ந்துவிடும்.

ஐந்தாம் படி: ஒவ்வொரு பாட்டின் தலையிலும் கூற்று எழுதுங்கள்

இதுதான் முக்கியமான வேலை, கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். ஒரு நோட்டில் பாட்டின் பெயர், அதன் கீழே ஒரே வரி: யார், யாரிடம், எந்த நேரத்தில் சொல்லியது. 'தி மின்ஸ்ட்ரெல் — மாக்லோர், தன் இனத்தின் வீழ்ச்சியை எண்ணித் தனக்குத்தானே சொல்லியது' என்பது போல. (நோல்டோரின் வீழ்ச்சியைப் பாடும் 'நோல்டோலான்டே' மாக்லோர் செய்தது என்று நூல் சொல்கிறது. அதனால்தான் அந்தத் துணுக்கை அவன் பேரில் எழுதுகிறோம்.)

ஒரு வரியில் எழுத முடியாவிட்டால், பாட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட குரல் இருக்கிறது என்று பொருள். அப்போது வரிகளுக்கு ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள். 'டைம் ஸ்டாண்ட்ஸ் ஸ்டில்' பாட்டை எடுத்துக்கொண்டு செய்து பார்ப்போம்.

நூல் சொல்வது இது. நான்காம் போரில் மோர்கோத் தீயாறுகளை ஏவி நோல்டோர் முற்றுகையை உடைத்துவிட்டான். எல்லாம் போய்விட்டது என்று எண்ணிய அரசன் ஃபிங்கோல்ஃபின் ரொஹல்லோர் என்ற குதிரையில் தனியாகவே மோர்கோத்தின் கோட்டையான ஆங்பாண்டின் வாசலுக்குப் போய், கொம்பூதி, மோர்கோத்தைக் கோழை என்று கூவிச் சண்டைக்கு அழைக்கிறான். மோர்கோத் வேண்டாவெறுப்பாக வெளியே வருகிறான். கையில் க்ரோண்ட் என்ற சம்மட்டி. ஃபிங்கோல்ஃபின் ரிங்கில் என்ற வாளால் அவனை ஏழு முறை காயப்படுத்துகிறான். மூன்று முறை மண்டியிட வைக்கப்பட்டு மூன்று முறையும் எழுகிறான். கடைசியில் காலடியில் நசுங்கிச் சாகும்போதும் அந்தக் காலையே வெட்டிவிட்டுச் சாகிறான். அன்றிலிருந்து மோர்கோத் நொண்டி.

இப்போது பாட்டுக்கு வருவோம். தொடக்கத்தில் பேசுகிறவன் 'நான்' என்கிறான். தான் பார்த்த கொடுமைகளைச் சொல்கிறான், எதற்காக அரசனானேன் என்று நொந்துகொள்கிறான். சந்தேகமே இல்லாமல் ஃபிங்கோல்ஃபின். ஓரத்தில் 'ஃபி' என்று போடுங்கள். கூட்டுக்குரல் உயர்ந்ததும் 'நான்' மறைந்து 'அவன்' வந்துவிடுகிறது. நோல்டோரின் தலைவன் தனியே போருக்குப் போகிறான், விடைகொடுப்போம் என்கிறது அந்தக் குரல். இது யார்? பார்த்துக்கொண்டிருக்கும் மக்களா, பின்னாளில் கதை சொல்கிறவனா? ஒரு கேள்விக்குறி போடுங்கள். பிறகு மறுபடி 'நான்', வெளியே வா கோழையே என்கிறது, 'ஃபி'. அதற்கப்புறம் வருகிற 'நான்'தான் எல்லாரையும் கவிழ்ப்பது. என் நிலத்துக்கு வா என்று வரவேற்கிறது, என் காலடியில் கிடக்கிறாய் என்கிறது. கால் யாருடையது? மோர்கோத்துடையது. அதே பாடகர் ஹான்ஸி க்யூர்ஷ், அதே 'நான்', ஆள் மாறிவிட்டான். குரலில் ஏறும் முரட்டுத்தனத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பென்சில் குறிகளைத் திரும்பப் பாருங்கள். மூன்று கூற்று. பாட்டு முழுக்க ஃபிங்கோல்ஃபின் பேசுவதாக நினைத்துக்கொண்டு 'அவனுக்குப் பாதியில் புத்தி பேதலித்துவிட்டது' என்று விளக்கம் எழுதியவர்கள் உண்டு. குறித்திருந்தால் அந்த விளக்கத்துக்கே வேலை இருந்திருக்காது.

அந்தக் கேள்விக்குறி? அதைப் பற்றி நூலில் ஒரு ருசியான செய்தி இருக்கிறது. இந்தச் சண்டையைப் பற்றி மோர்கோத்தின் படையாட்களான ஓர்க்குகள் பெருமை பேசவில்லை, எல்ஃப்களும் பாடுவதில்லை, அவர்கள் துயரம் அவ்வளவு ஆழமானது என்று 18ஆம் அத்தியாயம் சொல்கிறது. சேதியைக் கொண்டுவந்தது கழுகரசன் தோரோண்டோர். ஆக, கூட்டுக்குரலை எல்ஃப்களின் கூற்று என்று எழுதினால் 'அவர்கள்தான் பாட மாட்டார்களே' என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். கதை சொல்கிறவன் கூற்று என்று எழுதுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. எல்ஃப்கள் பாடாமல் விட்டதை ஜெர்மன்காரர்கள் பாடிவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஆறாம் படி: நூலும் பாட்டும் பிரிகிற இடத்தில் நில்லுங்கள்

கூற்று எழுதியாயிற்று. அடுத்தது, பாட்டில் அவர் சொல்வது நூலில் அவர் சொல்லக்கூடியதா என்று பார்ப்பது. பிரிகிற இடம் வந்தால் 'குழுவுக்கு நூல் தெரியவில்லை' என்று முடிவு கட்டாதீர்கள். விவாதம் சூடுபிடிப்பதே அங்கேதான்.

'தி கர்ஸ் ஆஃப் ஃபெயனோர்' நல்ல இடம். கப்பல்களுக்காக ஃபெயனோரின் ஆட்கள் அல்குவாலோண்டே துறைமுகத்தில் தங்கள் சொந்த இனத்தாரையே வெட்டிச் சாய்த்தார்கள். நூலில் அவன் அதற்காக வருந்தியதாக ஒரு சொல் கிடையாது. அக்கரை சேர்ந்ததும் மற்றவர்களைக் கூட்டிவரக் கப்பல் அனுப்பாமல், சிரித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் தீ வைக்கிறான். சாகும் தறுவாயிலும் மோர்கோத்தைச் சபித்து, மகன்களைச் சபதத்தில் நிற்கச் சொல்லிவிட்டுத்தான் சாகிறான். பாட்டில் வரும் ஃபெயனோரோ செத்தவர்களின் அலறல் என்றும் தன்னோடு இருக்கும் என்கிறான்.

இதற்கு மூன்று பதில்கள் உலவுகின்றன. ஒன்று: பாட்டு அவனுக்கு ஒரு மனசாட்சியைக் கொடுத்துவிட்டது, நூலிலிருந்து விலகிவிட்டது. இரண்டு: நூல் வெளியிலிருந்து சொல்லப்படுவது, உள்ளே அவன் என்ன நினைத்தான் என்று எழுதியவருக்கே தெரியாது; பாட்டு அந்த இடைவெளியை நிரப்புகிறது. மூன்று: வரிகளை நன்றாகக் கேளுங்கள், அலறல் நினைவிருக்கும் என்று சொல்கிற அதே மூச்சில் என் வலியும் நினைவிருக்கும், நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்கிறான். இது வருத்தமே இல்லை, கர்வம். நான் மூன்றாவது கட்சி. வருந்துகிறவன் கணக்குப் பார்க்க மாட்டான்.

'தி எல்டார்' பாட்டிலும் இப்படி ஒரு முடிச்சு. பியானோவோடு மெதுவாகப் போகும் பாட்டு. ஃபின்ரோட் தன் மக்களிடம் விடைபெறுகிறான். நூலில் அவன் சாவது சௌரோனின் இருட்டறையில், பெரெனைக் கடிக்க வந்த ஓநாயை வெறுங்கையால் கொன்றுவிட்டு. பக்கத்தில் பெரென் மட்டும்தான். அப்புறம் எந்த மக்களிடம் விடைபெறுகிறான்? ஒரு சாரார் இதை முன்பே நடந்ததாக வைக்கிறார்கள்: கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியை வீசி எறிந்துவிட்டுப் பத்துப்பேரோடு தன் நகரமான நார்கோத்ரோண்டை விட்டுப் புறப்பட்ட நாள். மற்றவர்கள், சாகும்போது மனசுக்குள் சொல்லிக்கொள்வது என்கிறார்கள். அடுத்த துணுக்கு 'நோம் தி வைஸ்' பெரெனின் இரங்கல் என்பதால் இரண்டாவதற்கே பலம் அதிகம். ஆல்பம் அவனைச் சாகவிட்ட உடனேதான் அழுகை வருகிறது.

'மிரர் மிரர்' பற்றி ஒரு சொல். சுவரில் இருக்கும் கண்ணாடி க்ரிம் சகோதரர்கள் தொகுத்த ஸ்னோ ஒயிட் கதையிலிருந்து வருகிறது. எல்ஃப் நகரத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் 15ஆம் அத்தியாயத்தை மறுபடி பாருங்கள். டுர்கோன் 52 ஆண்டு ரகசியமாகக் கட்டிய கொண்டோலின், கடலுக்கு அப்பால் விட்டுவந்த டிரியோன் நகரத்தின் நினைவில் எழுந்தது. பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே நிஜத்துக்கு ஏங்குகிறவர்கள் அவர்கள். கண்ணாடி அங்கே இருக்கிறது என்பது என் வாசிப்பு. வேறு வாசிப்பு இருந்தால் வரியோடு வாருங்கள்.

ஏழாம் படி: ஆதாரத்தை எடை போடத் தெரிந்துகொள்ளுங்கள்

முதலில் பாட்டின் வரி. அடுத்து 1977 நூல். அதற்கப்புறம், கிறிஸ்டோபர் 1983 முதல் 1996 வரை 12 தொகுதிகளாக வெளியிட்ட 'தி ஹிஸ்டரி ஆஃப் மிடில்-எர்த்', அதாவது தந்தையின் வரைவுகள். புதியவர்கள் வாதத்தில் தோற்பது பெரும்பாலும் இந்த மூன்றாவதில்தான். யாராவது ஒரு தொகுதியைத் தூக்கிக்கொண்டு வந்து 'பிந்தைய வரைவில் அப்படி இல்லை' என்பார்கள். உண்மையாகவே இருக்காது. கில்-கலாட் என்ற பிற்கால எல்ஃப் அரசனின் தகப்பன் அச்சான சில்மரில்லியனில் ஃபிங்கோன். அது தன் தொகுப்பில் நேர்ந்த பிழை என்று கிறிஸ்டோபரே பின்னால் எழுதினார். பயப்படாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: "பாட்டு எழுதியவர் கையில் இருந்தது எது?" ஆல்பத்தின் சட்டகம் அச்சான நூலோடு பொருந்துகிறது. வரைவை வைத்துப் பாட்டைத் திருத்துவது வீண்வேலை.

பேட்டியில் குழுவினர் சொன்னதை மேற்கோளாகப் போடுகிறவர்கள் உண்டு. பேட்டியின் முழு வடிவத்தையும் தேதியையும் கேளுங்கள். கிடைக்காவிட்டால் அதைத் தனியே வைத்துவிடுங்கள்.

எட்டாம் படி: பேச ஆரம்பியுங்கள்

"இந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், அல்லது நூல் முழுவதையும் சொல்லிவிடுவார்கள். "டைம் ஸ்டாண்ட்ஸ் ஸ்டில் பாட்டின் கூட்டுக்குரலில் பேசுவது யார்? எல்ஃப்கள் என்றால் 18ஆம் அத்தியாயம் இடிக்கிறதே" என்று கேட்டுப் பாருங்கள், அன்றிரவு தூங்கவிட மாட்டார்கள்.

முழுப்பாட்டையும் நகலெடுத்துப் போட வேண்டாம். பதிப்புரிமை உள்ளவை. பேசப்போகும் ஒன்றிரண்டு வரி போதும், எதிரில் இருப்பவருக்கு ஆல்பம் தெரியும். பெயர்களைத் தமிழில் எப்படி எழுதினாலும் முதல் தடவை மட்டும் பக்கத்தில் உறவைச் சொல்லிவிடுங்கள்: 'ஃபிங்கோன், அதாவது ஃபிங்கோல்ஃபின் மகன்'. தமிழில் இந்த இரண்டு பெயரும் கலந்துவிடுவது மிக எளிது. உச்சரிப்புக்கு ஒரு விதி: எழுத்தின் தலையில் இரட்டைப்புள்ளி இருந்தால் அதைத் தனி அசையாகச் சொல்லுங்கள். ஃபெ-அ-நோர். ஆங்கிலக்காரர்களே இதில் வழுக்குவார்கள், அதனால் கூச்சம் வேண்டாம்.

நூல் படிக்காதவர் சபையில் இருந்தால் முடிவைப் போட்டு உடைக்காதீர்கள் என்று சொல்லலாம்தான். ஆனால் முடிவை முதல் துணுக்கிலேயே வைத்துவிட்ட ஆல்பத்தில் அந்த விதி செல்லாது. மைக்லின் கடைசியில் என்ன ஆனான் என்பதை மட்டும் சொல்லாமல் வைத்திருங்கள். அது 23ஆம் அத்தியாயம், ஆல்பத்தில் வராது.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: 'பிளட் டியர்ஸ்'. ஒரே கூற்று, ஒரே இடம், 13ஆம் அத்தியாயத்தில் சில பக்கம். கூற்றை எழுதி முடித்ததும் 'தார்ன்' எடுங்கள். அதை மைக்லின் தலையில் எழுதலாம் என்பதில் பலருக்கு ஒத்த கருத்து உண்டு. ஆனால் கொண்டோலினைக் காட்டிக்கொடுக்க முடிவெடுப்பதற்கு முன் அவன் அதைச் சொல்கிறானா, முடிவெடுத்த பிறகு சொல்கிறானா என்பதில் இன்னும் அடிதடிதான். உங்கள் பென்சிலை அங்கே வையுங்கள்.